அரங்கமே கைதட்டியது... கதையை எழுதியவர் மட்டும் அழுதார்! 'மேரி பாப்பின்ஸ்' ஆயாவை உருவாக்கிய பி.எல்.டிராவர்ஸ் யார்?

1964 ஆகஸ்ட் 27. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டர் களைகட்டியிருந்தது. வால்ட் டிஸ்னியின் 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்கு அன்றுதான் பிரீமியர். படம் முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆனா, அந்தக் கூட்டத்துக்கு நடுவே 65 வயதுப் பெண் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். அது ஆனந்தக் கண்ணீர் இல்லை.

அவர்தான் பி.எல்.டிராவர்ஸ். மேரி பாப்பின்ஸ் என்ற மாய ஆயாவை உருவாக்கிய எழுத்தாளர். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த விழாவுக்கு அவருக்கு அழைப்பே போகவில்லை. அவராகவே கேட்டு, அழைப்பை வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.

குழந்தைகள் கொண்டாடிய ஒரு படத்தைப் பார்த்து, கதையை எழுதியவர் ஏன் அழ வேண்டும்? அவ்வளவு பிடிக்காதவர் கதையை எதற்காகக் கொடுத்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

அப்படி என்ன கதை அது?

படம் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வசதியான வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள 'நானி' எனப்படும் ஆயாக்கள் வீட்டோடு தங்கியிருப்பார்கள். லண்டனில் செர்ரி ட்ரீ லேன், 17-ம் எண் வீடு. அங்கே வசிக்கும் பேங்க்ஸ் குடும்பத்தின் பிள்ளைகள் ஜேனும் மைக்கேலும் செம வாலு. எந்த ஆயாவும் அந்த வீட்டில் நிலைப்பதில்லை.

அப்போதுதான் கிழக்குக் காற்றோடு வந்து இறங்குகிறார் மேரி பாப்பின்ஸ். கையில் கிளித்தலை வைத்த குடை. இன்னொரு கையில் ஒரு பை. அதிலிருந்து தொப்பி மாட்டும் ஆளுயர ஸ்டாண்டையே வெளியே எடுப்பார். நடைபாதையில் சாக்பீஸால் வரைந்த ஓவியத்துக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். கூரையில் மிதந்தபடி டீ குடிப்பார்கள். வந்த வேலை முடிந்து காற்று திசை மாறியதும் கிளம்பிவிடுவார்.

அடங்காத பிள்ளைகள், அவர்களை வழிக்குக் கொண்டுவரும் மந்திர ஆயா என்ற இதே வகைக் கதையில்தான் 2005-ல் 'நானி மெக்ஃபீ' படமும் வந்தது. கிறிஸ்டியானா பிராண்ட் எழுதிய 'நர்ஸ் மட்டில்டா' கதைகளை வைத்து அதற்குத் திரைக்கதை எழுதி, ஆயாவாகவும் நடித்தவர் எம்மா தாம்ப்சன். பின்னாளில், 2013-ல் வெளியான 'சேவிங் மிஸ்டர் பேங்க்ஸ்' படத்தில் பி.எல்.டிராவர்ஸாக நடித்ததும் இதே எம்மா தாம்ப்சன்தான்.

வங்கி மேனேஜரின் மகள்

லண்டன் ஆயாவின் கதையை எழுதியவர் லண்டன்காரர் இல்லை. 1899 ஆகஸ்ட் 9-ம் தேதி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள மேரிபரோ என்ற ஊரில் பிறந்தவர். இயற்பெயர் ஹெலன் லிண்டன் காஃப். வீட்டில் லிண்டன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்பா டிராவர்ஸ் ராபர்ட் காஃப், அங்கே வங்கி மேனேஜர். வங்கிக் கட்டடத்திலேயே வீடு. அம்மா மார்கரெட், குயின்ஸ்லாந்தின் முன்னாள் பிரீமியர் பாய்ட் மோர்ஹெட்டின் உறவுக்காரர். வெளியில் இருந்து பார்த்தால் குறையில்லாத குடும்பம்.

ஆனா அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. மேனேஜராக இருந்தவரைக் கிளார்க்காகப் பதவியிறக்கம் செய்தார்கள். குடும்பம் ஊர் ஊராக மாறி, கடைசியில் அல்லோரா என்ற சின்ன ஊருக்கு வந்தது. அப்பா எப்படிப்பட்டவராக இருந்தாலும் மகளுக்கு அவர்தான் ஹீரோ. அவர் பிறந்தது லண்டனில். ஆனாலும் தன்னை அயர்லாந்துக்காரராகவே காட்டிக்கொள்வார். அந்த நாட்டின் பாட்டுகளையும் கதைகளையும் மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

1907 பிப்ரவரியில் சில நாள் காய்ச்சலோடு படுத்த அப்பா, திடீரென்று இறந்துபோனார். அவருக்கு வயது 43. லிண்டனுக்கு 7 வயதுதான். மூன்று பெண் குழந்தைகளில் அவள்தான் மூத்தவள்.

ஒரு மழை இரவு

அதன்பிறகு குடும்பம் நியூ சவுத் வேல்ஸில் உள்ள பவ்ரல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. செலவுகளைப் பார்த்துக்கொண்டவர், அம்மாவின் அத்தை ஹெலன் மோர்ஹெட். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பேச்சில் கறார், முகத்தில் கண்டிப்பு. ஆனா கஷ்டம் என்று வந்தவர்களை ஒருபோதும் கைவிடாதவர். இந்தப் பாட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பவ்ரலில் ஒரு நாள் ராத்திரி, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கணவரை இழந்த துக்கத்தில் இருந்த அம்மா, ஓடையில் விழுந்து உயிரை விடப்போவதாகச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டு ஓடினார். வீட்டில் இருந்தது மூன்று பிள்ளைகள் மட்டும். லிண்டனுக்கு அப்போது சுமார் 10 வயது.

அந்தச் சிறுமி அழவில்லை. தங்கைகள் இரண்டு பேரையும் கணப்புத் தீக்கு முன்னால் உட்காரவைத்து, ஒரு போர்வையைப் போர்த்தி, கதை சொல்ல ஆரம்பித்தாள். இறக்கை இல்லாமலேயே பறக்கும் ஒரு வெள்ளைக் குதிரையின் கதை. அம்மா திரும்பி வருவாரா, மாட்டாரா என்று தெரியாமலேயே கதை நீண்டுகொண்டு போனது. கடைசியில் அம்மா நனைந்தபடி உயிரோடு திரும்பி வந்தார்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தும் இல்லாத நிலைமை, பயந்துபோன பிள்ளைகள், எங்கிருந்தோ வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளும் ஒருவர். மேரி பாப்பின்ஸ் கதைக்கான விதை இந்த இரவில் விழுந்தது என்று அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

பெயர் மாறியது எப்படி?

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சிட்னியில் டைப்பிஸ்ட் வேலை. ஆனா மனசு முழுக்க நாடகத்தில். வீட்டில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றாலும், ஆலன் வில்கி நடத்திய ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். மேடைக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர் பமீலா லிண்டன் டிராவர்ஸ். கடைசியில் இருக்கும் 'டிராவர்ஸ்', இறந்துபோன அப்பாவின் முதல் பெயர். வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரோடுதான் இருந்தார்.

நடிப்போடு பத்திரிகைகளுக்குக் கவிதையும் கட்டுரையும் எழுத ஆரம்பித்தார். 1924-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அயர்லாந்தில் 'ஐரிஷ் ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த கவிஞர் ஜார்ஜ் வில்லியம் ரஸ்ஸலுக்குத் தன் கவிதைகளை அனுப்பிவைத்தார். அவை பிரசுரமாயின. ரஸ்ஸல் அவருக்கு வழிகாட்டியாகவே மாறினார். அவர் மூலமாகத்தான் கவிஞர் டபிள்யூ.பி.யேட்ஸின் அறிமுகமும் கிடைத்தது. அப்பா கதைகளில் கேட்ட அயர்லாந்தை, மகள் நேரில் போய்ப் பார்த்தார்.

மேரி பாப்பின்ஸ் என்ற பெயர் முதன்முதலில் அச்சில் வந்தது 1926-ல். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பத்திரிகை ஒன்றில் வெளியான சிறுகதை அது. சில வருடங்கள் கழித்து, இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமம் ஒன்றில், கூரை வேய்ந்த பழைய வீட்டில் உடல்நலமில்லாமல் ஓய்வில் இருந்தபோது முழுப் புத்தகமாக எழுதினார். 1934-ல் 'மேரி பாப்பின்ஸ்' வெளியானது.

அட்டையில் பமீலா என்ற பெயர் இல்லை. வெறும் பி.எல்.டிராவர்ஸ். பெண் எழுதிய குழந்தைக் கதை என்று யாரும் லேசாக ஒதுக்கிவிடக் கூடாது என்பதுதான் காரணம். படங்கள் வரைந்தவர் மேரி ஷெப்பர்ட். 'வின்னி த பூ' கரடிக்கு உருவம் கொடுத்த ஓவியர் இ.எச்.ஷெப்பர்டின் மகள்.

புத்தகத்து மேரி வேற, படத்து மேரி வேற!

படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸை மேரி பாப்பின்ஸாகப் பார்த்தவர்கள் புத்தகத்தைத் திறந்தால் கொஞ்சம் அதிர்ச்சி காத்திருக்கும். புத்தகத்தில் வரும் மேரி அழகியும் இல்லை, சிரித்துப் பேசுபவரும் இல்லை. மரப்பொம்மை மாதிரியான தோற்றம். கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து ரசிக்கும் தற்பெருமை. எதற்கும் விளக்கம் சொல்ல மாட்டார். ராத்திரி நடந்த மாயத்தைப் பற்றிக் காலையில் பிள்ளைகள் கேட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோலச் சீறுவார்.

அப்படியிருந்தும் பிள்ளைகள் அவரை விட்டு நகர மாட்டார்கள். ஏன்னா, அவர் பக்கத்தில் இருக்கும்வரை பயம் இல்லை. கொஞ்சிக் குலாவாத, ஆனா கைவிடாத ஒருவர். பவ்ரல் குடும்பத்தைத் தாங்கிய அந்தக் கறார் பாட்டி ஞாபகம் வருகிறதா? அந்தப் பாட்டியைப் பற்றி 'ஆன்ட் சாஸ்' என்ற குட்டிப் புத்தகத்தை 1941-ல் நண்பர்களுக்காக மட்டும் அச்சிட்டார் டிராவர்ஸ். தன்னையும் அறியாமல் அந்தப் பாட்டியை ஏற்கெனவே கதையில் எழுதிவிட்டதாக அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

விடாமல் துரத்திய டிஸ்னி

வால்ட் டிஸ்னியின் மகள்களுக்கு இந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்துப்போனது. இதைப் படமாக எடுப்பதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் அப்பா. 1930-களின் கடைசியிலேயே முயற்சி ஆரம்பித்தது. டிராவர்ஸ் மறுத்தார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அவர் நியூயார்க்கில் இருந்தபோது, டிஸ்னியின் அண்ணன் ராய் டிஸ்னி நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். அப்போதும் மறுப்புதான். தன் ஆயாவை டிஸ்னி கார்ட்டூனாக்கிவிடுவார் என்ற பயம் அவருக்கு.

இப்படியே 20 வருடங்கள் ஓடின. டிஸ்னி விடுவதாக இல்லை. லண்டன் வீட்டுக்கே வந்து பேசினார். இந்தப் பக்கம் டிராவர்ஸுக்குப் புத்தகங்களில் இருந்து வந்த வருமானம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இறங்கி வந்தார். ஆனா சும்மா இல்லை. ஒரு லட்சம் டாலர், அதோடு தயாரிப்பாளருக்கு வரும் மொத்த வருவாயில் 5 சதவிகிதம், திரைக்கதைக்கு அவருடைய ஒப்புதல் அவசியம். ஒரு எழுத்தாளருக்கு டிஸ்னி இவ்வளவு இறங்கி வந்தது அபூர்வம்.

1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய், திரைக்கதை எழுதிய டான் டாக்ராடியோடும், பாட்டு எழுதிய ரிச்சர்ட், ராபர்ட் ஷெர்மன் சகோதரர்களோடும் உட்கார்ந்தார். பேசுவதை எல்லாம் டேப்பில் பதிவு செய்ய வேண்டும் என்பது அவரது கண்டிஷன். அந்த ஒலிநாடாக்கள் இன்றும் இருக்கின்றன. வரிக்கு வரி திருத்தம், வார்த்தைக்கு வார்த்தை விவாதம். 'சேவிங் மிஸ்டர் பேங்க்ஸ்' படத்தின் கடைசியில், அந்த அசல் பதிவின் ஒரு பகுதியைக் கேட்கலாம்.

ஆனா ஒப்பந்தத்தில் அவர் கவனிக்கத் தவறிய ஒரு இடம் இருந்தது. திரைக்கதைக்குத்தான் அவர் ஒப்புதல் தேவை. எடுத்து முடித்த படத்தின் மீது கடைசி முடிவு டிஸ்னியுடையது.

ஏன் அழுதார்?

திரையில் அவர் பார்த்தது இதுதான். கறாரான ஆயா, இனிமையாகப் பாடி ஆடும் பெண்ணாக மாறியிருந்தார். எது வரக் கூடாது என்று பயந்தாரோ அதே கார்ட்டூன் பென்குயின்கள் துள்ளிக் குதித்தன. 1930-களில் நடந்த கதை, 1910-க்குப் போயிருந்தது.

இன்னொரு பெரிய மாற்றமும் இருந்தது. புத்தகத்தில் அப்பா பேங்க்ஸ் ஓரமாக வந்துபோகிற ஒரு பாத்திரம். படத்திலோ கதையே அவரைச் சுற்றித்தான். வங்கி வேலையே கதி என்று கிடந்தவர், கடைசியில் மனம் மாறி, பிள்ளைகளோடு பட்டம் விடப் போகிறார். வேலையும் திரும்பக் கிடைக்கிறது. வங்கியில் பதவி பறிபோய், குடியில் விழுந்து, 43 வயதில் இறந்துபோன ஓர் அப்பாவின் மகள் இதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

'சேவிங் மிஸ்டர் பேங்க்ஸ்' படம் இந்தக் கண்ணீரைச் சமாதானமாகக் காட்டுகிறது. மகள் கடைசியில் அப்பாவை மன்னித்துவிட்டதுபோல. டாம் ஹாங்க்ஸ் நடித்த வால்ட் டிஸ்னியும் அதில் பரிவான மனிதராக வருவார். நிஜத்தில் நடந்தது வேறு. விழா முடிந்ததும் டிராவர்ஸ் நேராக டிஸ்னியிடம் போய், கார்ட்டூன் காட்சிகளை நீக்கச் சொன்னார். டிஸ்னி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. 1966-ல் டிஸ்னி இறந்துபோனார். டிராவர்ஸின் கோபம் அதோடு முடியவில்லை.

படமோ உலக ஹிட். 13 ஆஸ்கர் பரிந்துரைகள், அதில் 5 விருதுகள். ஜூலி ஆண்ட்ரூஸுக்குச் சிறந்த நடிகை விருது. அந்த 5 சதவிகிதப் பங்கு டிராவர்ஸை வசதியானவராக்கியது. பணக் கவலை அதன்பிறகு அவருக்கு வரவே இல்லை. படத்தால்தான் புத்தகமும் புதிய தலைமுறைக் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தது. இதை அவரும் அறியாதவர் இல்லை.

மகனிடம் மறைத்த ரகசியம்

டிஸ்னியால் பாதிக்கப்பட்டவர் என்று மட்டும் டிராவர்ஸை நினைத்துவிட முடியாது. அவர் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 40 வயதை எட்டியபோது, 1939-ல், அயர்லாந்தில் ஒரு ஆண் குழந்தையைத் தத்தெடுத்தார். யேட்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜோசப் ஹோனின் பேரன். பெயர் கமிலஸ். அவனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன் இருந்தான். இரண்டு பேரில் யாரை எடுப்பது என்று ஜோதிடரிடம் கேட்டு, கமிலஸை மட்டும் அழைத்து வந்தார்.

தத்துப்பிள்ளை என்ற உண்மையையே மகனிடம் சொல்லவில்லை. 17 வயதில், தன்னைப் போலவே ஒரு சகோதரன் தன்னைத் தேடி லண்டனுக்கு வந்தபோதுதான் கமிலஸுக்கு எல்லாம் தெரியவந்தது. அதன்பிறகு தாய்க்கும் மகனுக்கும் இடையிலான உறவு பழையபடி இல்லை. மகனையும் குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது. அப்பாவை விழுங்கிய அதே குடி.

இதில் கவனிக்க வேண்டியது, 'மேரி பாப்பின்ஸ்' கதையிலும் இரட்டைக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஜான், பார்பரா. கதையில் அவர்களைப் பிரிக்கவில்லை. படத்தில்தான் இரண்டு பேருமே காணாமல் போனார்கள்.

நீக்கப்பட்ட பக்கங்கள்

முதல் புத்தகத்தில் 'மோசமான செவ்வாய்க்கிழமை' என்று ஓர் அத்தியாயம். திசைகாட்டியைச் சுழற்றி, உலகின் நான்கு திசைகளுக்கும் பிள்ளைகள் போய்வருவார்கள். அங்கே வரும் கறுப்பின மக்களையும் சீனர்களையும் சித்திரித்த விதம் கேலியாக இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. 1980-ல் சான் பிரான்சிஸ்கோ நூலகம் புத்தகத்தையே அலமாரியில் இருந்து எடுத்தது.

ஒரு வார்த்தையை மாற்ற டிஸ்னியோடு மல்லுக்கட்டியவர், இங்கே தன் எழுத்தைத் தானே மாற்றினார். 1981-ல் வந்த திருத்திய பதிப்பில் மனிதர்களுக்குப் பதிலாகப் பனிக்கரடி, பாண்டா, டால்பின், கிளி வந்தன. படத்துக்கும் இந்தச் சிக்கல் பின்னாளில் வந்தது. பாரபட்சமான ஒரு சொல் இருப்பதால், 2024-ல் பிரிட்டனின் திரைப்படச் சான்றிதழ் அமைப்பு, எல்லோரும் பார்க்கலாம் என்ற சான்றை மாற்றி, பெற்றோர் வழிகாட்டுதல் (பி.ஜி.) என்ற பிரிவுக்குக் கொண்டுபோனது.

கடைசி வரை கறார்

1977-ல் பிரிட்டன் அரசின் ஓ.பி.இ. விருது கிடைத்தது. 1988 வரை மேரி பாப்பின்ஸ் வரிசையில் மொத்தம் 8 புத்தகங்கள் எழுதி முடித்தார். ஆனா தன்னைப் பற்றி யாரும் வாழ்க்கை வரலாறு எழுதுவதை அவர் விரும்பவில்லை. உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பழங்குடி மக்களோடு தங்கியிருந்தபோது அவர்கள் அவருக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்தார்கள். அது என்ன பெயர் என்று கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

90-களில் தயாரிப்பாளர் கேமரூன் மெக்கின்டாஷ், இந்தக் கதையை மேடை நாடகமாக்க அனுமதி கேட்டு வந்தார். 90 வயதைத் தாண்டியிருந்த டிராவர்ஸ் ஒப்புக்கொண்டார். ஆனா நிபந்தனைகள் இருந்தன. எழுதுபவர்கள் ஆங்கிலேயர்களாக இருக்க வேண்டும். டிஸ்னி படத்தில் வேலை பார்த்த யாரும் நேரடியாகச் சம்பந்தப்படக் கூடாது. 30 வருடங்களுக்கு முன்னால் ஒப்பந்தத்தில் விட்டதை, இந்த முறை விடவில்லை.

அந்த நாடகத்தைப் பார்க்க அவர் இல்லை. 1996 ஏப்ரல் 23-ம் தேதி, 96 வயதில் லண்டனில் காலமானார். நாடகம் 2004-ல் மேடையேறியது. ஆனா அதிலும் ஷெர்மன் சகோதரர்களின் பழைய பாட்டுகள் இடம்பெற்றன. 2018-ல் 'மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்' என்று டிஸ்னியே அடுத்த பாகத்தை எடுத்தது. எமிலி பிளன்ட் ஆயாவாக நடித்தார். அதிலும் கார்ட்டூன் பென்குயின்கள் உண்டு!

ஆஸ்திரேலியாவின் மேரிபரோவில், அவர் பிறந்த அந்த வங்கிக் கட்டடம் இன்று கதைகளுக்கான அருங்காட்சியகமாக இருக்கிறது. வாசலில் ஒரு சிலை. டிராவர்ஸின் சிலை இல்லை. கையில் குடையோடு மேரி பாப்பின்ஸ்தான் நிற்கிறார். தன்னைவிடத் தன் பாத்திரத்தைப் பற்றியே மற்றவர்கள் பேச வேண்டும் என்று நினைத்தவர், இந்த ஒரு விஷயத்திலாவது கோபப்பட்டிருக்க மாட்டார்.